சோதனை மேசைக்குப் போகும் முன்: ஏர் பிஸ்டல் குறிப்புகள், சேலத்திலிருந்து

போட்டி அன்று காலையில் எக்விப்மென்ட் கண்ட்ரோல் மேசையிலிருந்து, அதாவது அதிகாரிகள் துப்பாக்கியைச் சோதிக்கும் இடத்திலிருந்து, திரும்பி வரும் ஏர் பிஸ்டல்களை விசாரித்தால், காரணம் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும். ட்ரிக்கர் 500 கிராமைத் தாங்கவில்லை. கிரிப்பில் (கைப்பிடியில்) எதையோ ஒட்டித் தேய்த்தது விதியைத் தாண்டிவிட்டது. காற்றுச் சிலிண்டரின் தேதி முடிந்துவிட்டது. மூன்றையும் வீட்டிலேயே, போட்டிக்கு ஒரு வாரம் முன்பே பார்த்திருக்கலாம். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பிஸ்டலை, ட்ரிக்கரைச் சோதிக்கும் முன்னூறு ரூபாய் எடைக்கட்டி ஒன்று இல்லாததால் மேசையில் வைத்துக்கொண்டு ஆலன் கீயைத் தேடுவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வழக்கமாகிவிட்டது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

10 மீட்டர் ஏர் பிஸ்டலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். விதி ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதி. இந்தியாவில் என்ஆர்ஏஐ (தேசிய ரைஃபிள் சங்கம்) நடத்தும் ஐஎஸ்எஸ்எஃப் பிரிவுப் போட்டிகளுக்கும் அளவுகள் இவைதான். காலிபர் (குழலின் உள்விட்டம்) 4.5 மி.மீ. எல்லாம் சேர்த்து எடை 1500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ட்ரிக்கர் எடை, அதாவது அதை இழுத்து விடுவிக்கத் தேவையான விசை, 500 கிராமுக்குக் குறையக் கூடாது. உள்ளளவு 420 × 200 × 50 மி.மீ. உள்ள பெட்டிக்குள் பிஸ்டல் முழுதாக அடங்க வேண்டும். சைட் (குறிபார்க்கும் அமைப்பு) திறந்த சைட் மட்டுமே. பிஸ்டலில் லென்ஸ், லேசர், பிம்பக் கண்ணாடி (மிர்ரர்) எதுவும் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பெல்லட்தான் (ஏர் கன் குண்டு) உள்ளே போகலாம்.

லைசென்ஸ் பற்றிப் புதிதாக வரும் பெற்றோர் கேட்பதால் ஒரு வரி. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. காலிபருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி பிஸ்டல் 0.53 கிராம் பெல்லட்டை நொடிக்கு 150 மீட்டர் அளவில் அனுப்புகிறது. கணக்குப் போட்டால் 6 ஜூல்தான்.

எந்த வரிசையில் செட் செய்வது என்பதில் பலரும் தலைகீழாகப் போகிறார்கள். வாங்கி வந்த அன்றே ட்ரிக்கரில் கை வைப்பார்கள். முதலில் கிரிப், அடுத்து சைட், கடைசியில்தான் ட்ரிக்கர். கிரிப் மாறினால் விரல் ட்ரிக்கரில் விழும் இடம் மாறும். விரல் மாறினால் ட்ரிக்கர் ஷூவை (ட்ரிக்கரில் விரல் படும் பாகத்தை) நகர்த்துவீர்கள். ஷூ நகர்ந்தால் எடை மாறும். ட்ரிக்கரை முதலில் செட் செய்தவர் எப்படியும் அதை மறுபடி செட் செய்யத்தான் போகிறார்.

கிரிப்பில் சட்டம் பார்ப்பது முக்கியமாக அடியில் இருக்கும் தட்டைத்தான், அதாவது பாம் ஷெல்ஃபை. அதுவும் கட்டைவிரல் தாங்கியும் கிரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் வெளியே நீள வேண்டும். ஷெல்ஃபோ கட்டைவிரல் தாங்கியோ மேல்நோக்கி வளையக் கூடாது. கட்டைவிரலுக்கு எதிர்ப் பக்கம் கீழ்நோக்கி வளையக் கூடாது. கையைச் சுற்றி வளைத்துப் பிடிப்பது போன்ற எதற்கும் இடமில்லை என்பதுதான் சாரம். மணிக்கட்டு தெரிய வேண்டும், சும்மா விடப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே நம் ஆட்கள் மாட்டுவது எம்-சீலில். கடையில் வரும் கிரிப் எஸ், எம், எல் என்று சில அளவுகளில் வருகிறது. எந்தக் கைக்கும் அச்சாகப் பொருந்தாது. இடைவெளி இருக்கும் இடத்தில் எம்-சீலைப் பிசைந்து வைத்து, மேலே மெல்லிய பாலித்தீன் தாளைப் போட்டு, கையை நீட்டிச் சுடும் நிலையிலேயே பிடித்துக்கொள்வது சரியான முறைதான். உட்கார்ந்தபடி மடியில் வைத்துப் பிடித்தால் மணிக்கட்டின் கோணம் வேறு. அந்த அச்சு ரேஞ்சில் (சுடும் இடத்தில்) உதவாது. பிடித்து அழுத்தும்போது, உள்ளங்கையின் கீழ்ச்சதை தள்ளும் எம்-சீல் ஷெல்ஃபின் வெளி விளிம்பில் ஒரு வரப்பாக எழும்பி நிற்கும். கைக்கு அது சுகமாக இருக்கும், ஏனென்றால் கையை அணைத்துப் பிடிக்கிறது. விதி தடுப்பதும் அந்த அணைப்பைத்தான்.

ஒரு நாள் இறுகவிட்டு, தச்சு ஆசாரி வைத்திருக்கும் சின்ன மூலைமட்டத்தை எடுங்கள். மட்டத்தின் ஒரு கரத்தைக் கிரிப்பின் பக்கவாட்டில் சாய்த்து, இன்னொரு கரத்தை ஷெல்ஃபின் மேல் வையுங்கள். மட்டம் ஷெல்ஃபின் உள்பக்கத்தில் படாமல் வெளி விளிம்பில் மட்டும் முட்டி நின்றால், நடுவில் வெளிச்சம் தெரிந்தால், வரப்பு இருக்கிறது. 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 240-ல் முடியுங்கள். அரத்தை எடுக்காதீர்கள், எம்-சீல் மரத்தைவிடக் கடினம், அரம் அதன் மேல் வழுக்கி வால்நட் மரத்தைத் தின்றுவிடும்.

ஷெல்ஃபைக் கையோடு இறுக்கி வைப்பதும் தப்பு. சித்திரை வெயிலில் சேலத்து ரேஞ்சில் கை உப்பும். காலையில் கச்சிதமாக இருந்த ஷெல்ஃப் பதினோரு மணிக்குக் கையைக் கவ்வும். கை தளர முடியாமல் நடுக்கம் வரும். கைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு விட்டுவிடுங்கள்.

பெட்டி அளவில் 420-ம் 200-ம் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. இடிப்பது 50 மி.மீ. அகலம்தான். எல் சைஸ் கிரிப், வெளியே நீட்டிய கட்டைவிரல் தாங்கி, மேலே எம்-சீல் என்று மூன்றும் சேர்ந்தால் 51, 52 என்று போய்விடும். ஆசாரியிடம் சொல்லி பிளைவுட்டில் உள்ளளவு சரியாக 420 × 200 × 50 என்று ஒரு பெட்டி அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். பிஸ்டலை அழுத்தித் திணிக்காமல் தானாக இறங்க வேண்டும். அகலத்தில் 1 மி.மீ. ஆவது மிச்சம் இருக்கட்டும். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் ஒரு வாரம் இருந்த மரம் ஈரம் குடித்துக் கொஞ்சம் பருக்கும். பாலிஷ் போன இடங்களிலும் நீங்கள் உப்புத்தாள் போட்ட இடங்களிலும்தான் ஈரம் ஏறும். தேய்த்து முடித்ததும் அந்த இடத்துக்கு மரத்துக்கான எண்ணெயை மெல்லிசாக ஒரு பூச்சு கொடுங்கள்.

கையைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். சுடும் கையில் வாட்ச், காப்பு, பட்டை மாதிரி எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. கோயில் கயிறு கட்டும் பிள்ளைகள் மற்றக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். மேசையில் போய் "சாமி கயிறு சார்" என்று வாதாடிக் கத்தரிக்கோல் தேடும் நிலை வேண்டாம். ஷூ கணுக்கால் எலும்பை மூடக் கூடாது. சும்மா இருக்கும் கண்ணை மறைக்கும் அட்டை 30 மி.மீ. அகலத்துக்குள், பக்கவாட்டு மறைப்பு 40 மி.மீ. ஆழத்துக்குள்.

எடையைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இப்போது கிடைக்கும் பெரும்பாலான மாடல்கள் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கின்றன. முன்பக்கம் கூடுதல் எடைகள் மாட்டி 1500-ஐத் தொட்டு நிற்பவர்கள் மட்டும் நிரப்பிய சிலிண்டரோடு நிறுத்துப் பாருங்கள். 70 மில்லி கொள்ளளவு உள்ள சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) காற்று என்றால் வெளியே அது 14 லிட்டர். அந்தக் காற்றுக்கே 16, 17 கிராம் எடை உண்டு. காலி சிலிண்டரில் 1490 காட்டியது நிரப்பியதும் தாண்டிவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எடை கூட்டுவதே எனக்கு உடன்பாடு இல்லை. 75 நிமிடத்தில் 60 குண்டு, அதற்கு முன் 15 நிமிடம் தயாரிப்பு. அத்தனை நேரமும் தோள்தான் தூக்க வேண்டும்.

சைட்டில் விதி எளிது, கணக்குதான் சுவாரசியம். ஏர் பிஸ்டல் அட்டையில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மி.மீ. 10 மீட்டர் தூரத்தில் அது எவ்வளவு அகலமாகத் தெரியுமோ, கண்ணிலிருந்து 1 மீட்டரில் இருக்கும் 6 மி.மீ. ஃப்ரண்ட் சைட்டும் (பீப்பாய் முனையில் நிற்கும் குறியும்) அவ்வளவு அகலமாகத் தெரியும். உங்கள் ஃப்ரண்ட் சைட் 4.5 மி.மீ. என்றால் கறுப்பின் முக்கால் பங்கு. பெரும்பாலானவர்களுக்கு 4 முதல் 5 வரை சரிப்படும். ரியர் நாட்சை (பின் சைட்டில் உள்ள வெட்டை) ஃப்ரண்ட் சைட்டின் இரண்டு பக்கமும் வெளிச்சம் தாராளமாகத் தெரியும்படி திறந்து வையுங்கள். இறுக்கி வைத்தால் துல்லியம் என்பது பிரமை. கண் சோர்ந்ததும் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு தெரியும்.

இரண்டு சைட்டுக்கும் நடுவே 340 மி.மீ. இருந்தால், ஒரு வளையம், அதாவது 8 மி.மீ. நகர்த்த ரியர் சைட் நகர வேண்டியது 0.27 மி.மீ. மட்டும். ரியர் சைட்டின் திருகு ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான். விசிட்டிங் கார்டு கனத்துக்கு ஆடினாலே ஒரு வளையம் போய்விடும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்டிக்குள் குலுங்கி வந்த பிஸ்டலில் முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

ஏற்காடு என்றதும் இன்னொன்று. "மேலே காற்று லேசு, குண்டு உயரப் போகிறது" என்று ரேஞ்சில் அடிக்கடி கேட்கிறது. 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவது உண்மை. ஆனால் 10 மீட்டரைக் கடக்கப் பெல்லட்டுக்கு ஆகும் நேரம் நொடியில் 15-ல் ஒரு பங்கு. அதற்குள் அது விழுவதே இரண்டு செ.மீ. சொச்சம். காற்று லேசாவதால் அதில் வரும் மாற்றம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. குண்டு ஒரு வளையம் உயரப் போனால் அங்கே வெளிச்சம் வேறு, அல்லது உங்கள் பிடி வேறு. சேர்வராயன் மலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி ட்ரிக்கர். முதலில் எடைக்கட்டி. மளிகைக் கடை அரை கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிடுவதை எல்லாம் விட்டுவிடுங்கள். லேத் பட்டறையில் 40 மி.மீ. இரும்பு ராடு கேளுங்கள். ஒரு செ.மீ. நீளத்துக்கு 98 கிராம் சொச்சம் வரும். 48 மி.மீ. வெட்டினால் 473 கிராம் அளவில் நிற்கும்; மேலே ஒரு ஐ போல்ட், அதில் வளைத்த கொக்கிக் கம்பி சேர்த்தால் 500-ஐக் கொஞ்சம் தாண்டும். தாண்டியதை அடியில் துளை போட்டுக் குறைத்துக்கொள்ளலாம். நிறுக்கச் செவ்வாய்ப்பேட்டை போதும். வெள்ளிக் கொலுசு நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு, முத்திரை போட்டது, பட்டறைக்குப் பட்டறை இருக்கிறது. "அண்ணே, இதைக் கொஞ்சம் நிறுத்துச் சொல்லுங்க" என்றால் காசு வாங்காமல் நிறுத்துத் தருவார்கள். கொக்கியோடு சேர்த்து 500.0 வரும்வரை விடாதீர்கள். கூடவே தலா 10 கிராம் வரும்படி இரண்டு, மூன்று வாஷர்களையும் நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேவை பின்னால் வரும்.

மேசையில் சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கவனிக்காமல் ட்ரிக்கரைச் செட் செய்ய முடியாது. பிஸ்டலின் பீப்பாய் செங்குத்தாக மேலே பார்த்திருக்கும். எடைக்கட்டி மேசை மேல் உட்கார்ந்திருக்கும். கொக்கியை ட்ரிக்கரின் நடுப்பகுதியில் மாட்டி, பிஸ்டலை மெல்ல மேலே தூக்குவார்கள். எடை மேசையை விட்டு எழும்பி நிற்க வேண்டும். ட்ரிக்கர் விடக் கூடாது. அதிகபட்சம் மூன்று முயற்சி. மூன்றிலும் தூக்கவில்லையென்றால் திருத்திக்கொண்டுதான் மறுபடி வர வேண்டும். ஏர் பிஸ்டலை வெறுமனே அல்ல, காற்றுச் செலுத்தம் செயல்படும் நிலையில்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் டிரை ஃபயர் நிலையில், அதாவது காற்றும் குண்டும் இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் இழுத்து, பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். சில மாடல்களில் இரண்டு நிலைக்கும் எடை ஒன்றாக இருப்பதில்லை. வீட்டிலும் சிலிண்டரை மாட்டி, பெல்லட் இல்லாமல், பீப்பாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்துக் காக் செய்துதான் (லிவரை இயக்கிச் சுடத் தயார் நிலையில் வைத்துத்தான்) பாருங்கள்.

சரியாக 500-ல் செட் செய்த ட்ரிக்கர் 500-ஐத் தூக்காததற்கு இரண்டு காரணம், இரண்டும் பள்ளிக்கூட இயற்பியல். முதலாவது, தூக்கும் வேகம். நிலையாக இருக்கும் எடையை வெடுக்கென்று இழுத்தால் அந்தக் கணத்தில் ட்ரிக்கர் உணரும் விசை 500 கிராமைவிட அதிகம். வேகமாற்றம் நொடிக்கு நொடி அரை மீட்டர் இருந்தால் போதும், 5 சதவீதம், அதாவது 25 கிராம் கூடிவிடும். அது அதிகாரியின் கை. நம் கையில் இல்லை. இரண்டாவது, கொக்கி நிற்கும் இடம். ட்ரிக்கரின் நடுப்பகுதி அச்சாணியிலிருந்து 25 மி.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி 2 மி.மீ. நுனிப் பக்கம் வழுக்கினால், 500-க்குச் செட் செய்த ட்ரிக்கர் 463 கிராமிலேயே விட்டுவிடும். ஷூவைச் சாய்த்து வைப்பவர்களுக்கு இந்த வழுக்கல் நிச்சயம்.

ஆகவே 500 என்பது தொட்டு நிற்க வேண்டிய எண் இல்லை. எடைக்கட்டியில் ஒரு வாஷர் சேர்த்து 510 ஆக்கி, பத்துக்குப் பத்து முறை தூக்க வேண்டும். இரண்டு சேர்த்து 520-லும் பெரும்பாலும் தூக்க வேண்டும். அந்த 15, 20 கிராம் அதிகத்தால் ஸ்கோர் குறையும் என்பவர்கள், கண்ணை மூடிக்கொண்டு 500-ஐயும் 520-ஐயும் பிரித்துச் சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

செட் செய்யும் முறை மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலில் எந்தத் திருகு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வரிசை பொது. பேனாவால் எல்லாத் திருகுகளின் இப்போதைய நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. ஷூவை முதலில் நிறுத்துங்கள்: ஆள்காட்டி விரலின் முதல் கணு நடுச்சதை படும்படி, விரல் பிஸ்டலின் உடம்பை உரசாதபடி. உரசினால் இழுக்கும்போது பீப்பாயும் கூட நகரும். பிறகு முதல் கட்டத்தின் எடை, அதாவது விரல் இழுத்துத் தடை தட்டும் இடம்வரை. அதற்குப் பிறகு இரண்டாம் கட்டம், அந்தத் தடையைத் தாண்டி பிஸ்டல் விடும்வரை. இரண்டும் சேர்ந்துதான் மேசையில் கணக்கு. 400 முதல் கட்டத்தில், 115 இரண்டாம் கட்டத்தில் என்று பிரித்தால் விரலுக்கு இரண்டாம் கட்டம் மெல்லியதாகத் தெரியும், மொத்தமும் 515 வரும். முதல் கட்டத்தை 150-ல் வைத்துவிட்டு மிச்சத்தை எல்லாம் இரண்டாம் கட்டத்தில் ஏற்றினால் சுவரைத் தள்ளுவது மாதிரி இருக்கும். விதிப்படி அதுவும் சரி, சுடத்தான் சிரமம். புதியவர்கள் முதல் கட்டத்தை இழுத்து, அங்கே நின்று, காத்திருக்கப் பழகும்வரை 350-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஒரு திருகைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பியதும் தூக்கிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் திருப்பினால் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம் கட்டம் "கண்ணாடி மாதிரி" உடைய வேண்டும் என்று சியரின் (ட்ரிக்கரை இழுக்கும்வரை பிஸ்டலைச் சுடாமல் பிடித்து நிறுத்தும் பாகத்தின்) பிடிப்பைக் குறைத்துக்கொண்டே போவது ஆபத்தான ஆசை. பிடிப்பு அளவுக்கு மீறிக் குறைந்தால் காக் செய்து லிவரை மூடும் அதிர்விலேயே பிஸ்டல் விட்டுவிடும். பார்க்க எளிய வழி: பெல்லட் இல்லாமல் காக் செய்து, பீப்பாய் டார்கெட் பக்கம் இருக்க, கிரிப்பின் அடியைத் தொடையில் இரண்டு முறை தட்டுங்கள். விட்டுவிட்டால் சியர் திருகைப் பின்னுக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்குங்கள். ட்ரிக்கர் ஸ்டாப்பிலும் (விட்ட பிறகு ட்ரிக்கர் மேலும் நகராமல் தடுக்கும் திருகிலும்) இதே பேராசை உண்டு. விட்டதும் விரல் ஒரு மயிரிழைகூட நகரக் கூடாது என்று முடுக்கி வைத்தால், கொஞ்சம் தூசு, கொஞ்சம் இறுகிய கிரீஸ் சேர்ந்ததும் சியர் முழுதாக விடுபடாமல் சில குண்டு போகும், சில போகாது. மார்கழியில் ஏற்காடு ரேஞ்சில் "பிஸ்டல் திடீரென்று சுடமாட்டேன் என்கிறது" என்றால் முதலில் ஸ்டாப்பைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். திருகில் லாக்டைட் (திருகைப் பூட்டும் பசை) போடாதீர்கள், அடுத்த சீசனில் ஆலன் கீ திருகின் தலையை உருட்டிவிடும்.

எலெக்ட்ரானிக் ட்ரிக்கருக்கும் அதே 500. பாகங்கள் அனைத்தும் பிஸ்டலின் உடம்போடு இணைந்து உள்ளேயே இருக்க வேண்டும். சோதனைக்குச் சுவிட்சை ஆன் செய்து கொடுங்கள். பேட்டரியைப் போட்டிக்கு முந்தின நாளே மாற்றிவிடுங்கள்.

சிலிண்டருக்கு வருவோம். தயாரித்த தேதி உடம்பிலேயே பொறித்திருக்கும். செல்லுபடிக் காலம் 10 ஆண்டு. அதற்குள் இருப்பது சுடுபவரின் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. செகண்ட் ஹாண்டில் பிஸ்டல் வாங்குகிறவர்கள் பீப்பாயை உற்றுப் பார்க்கிறார்கள், சிலிண்டரைத் திருப்பிப் பார்ப்பதில்லை. தேதி முடிந்த சிலிண்டர் இரும்புக் கடைக்குத்தான். புது சிலிண்டர் இறக்குமதி. விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.

நிரப்புவது 200 பார் என்றால் 200-தான். டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்பும்போது வால்வை மெதுவாகத் திறங்கள். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகி 200 காட்டும், ஆறியதும் இறங்கும். சேலத்தில் 38 டிகிரியில் 200 காட்டிய சிலிண்டர் ஏற்காட்டின் 18 டிகிரியில் 187 அளவுதான் காட்டும். கசிவு என்று ஓரிங்கை (காற்றை அடைக்கும் ரப்பர் வளையத்தை) பிரிக்க வேண்டாம். இதன் மறுபக்கம்தான் பயப்பட வேண்டியது: 30 டிகிரியில் 200-க்கு நிரப்பி, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால், உள்ளே 60 டிகிரி ஆகும்போது அழுத்தம் 220-ஐத் தொடும். சிலிண்டரைக் காரில் விடாதீர்கள். ஹேண்ட் பம்ப் வைத்திருப்பவர்கள் பனிக்காலத்தில் ஈரவடிகட்டியை அடிக்கடி மாற்றுங்கள், கொஞ்சம் அடித்ததும் நிறுத்தி ஈரத்தை வெளியேற்றுங்கள். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் சுலபமாகக் கிடைக்கிறது என்று அதை நிரப்பும் யோசனை சொல்பவர் யாராக இருந்தாலும் காதில் வாங்காதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜனும் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

பெல்லட்டைப் பொறுத்தவரை விதி சொல்வது ஈயம் அல்லது அது போன்ற மென்மையான பொருள், 4.5 மி.மீ., அவ்வளவுதான். தட்டைத் தலை பெல்லட்தான் வேண்டும், அட்டையில் வட்டமாகத் துளை வெட்டும். கூர்த்தலை பெல்லட் அட்டையைக் கிழிக்கும், ஸ்கோர் பார்ப்பவருக்கும் உங்களுக்கும் தகராறு வரும். எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, ஜேஎஸ்பி மூன்றும் நம் ரேஞ்சுகளில் தெரிந்த பெயர்கள். தலை அளவு 4.49, 4.50 என்று டப்பாவில் ஒட்டியிருக்கும். உங்கள் பீப்பாய்க்கு எது பிடிக்கும் என்று பீப்பாயிடம்தான் கேட்க வேண்டும். கிளாம்ப்பில் பிஸ்டலை இறுக்கி, ஒவ்வோர் அளவிலும் ஐந்தைந்து குண்டு சுட்டு, துளையின் வெளிவிளிம்புகளை அளந்து பாருங்கள். 7 மி.மீ.க்குள் அடங்கினால் பிரச்சினை பெல்லட்டில் இல்லை.

ஏன் 7 போதும் என்கிறேன்? 10 வளையத்தின் விட்டம் 11.5. கோட்டைத் தொட்டாலே 10. பெல்லட்டின் 4.5-ஐச் சேர்த்தால், மையத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி விழுந்தாலும் 10 தான். தகுதிச் சுற்றில் பிஸ்டலுக்கு முழு எண்தான் கணக்கு. ஃபைனலில் தசமம் வரும், அங்கே 0.8 மி.மீ.க்கு 0.1 போகும். ஃபைனலுக்குப் போகும்வரை பெல்லட்டைத் தரம் பிரிப்பது வீண் வேலை. அப்படியும் எடை பார்த்தே தீருவேன் என்றால், வெள்ளித் தராசு உதவாது, 0.53 கிராம் பெல்லட்டில் வித்தியாசம் மில்லிகிராமில்தான் இருக்கும், தங்க நகைக் கடைத் தராசு வேண்டும். அதைவிட அடிப்பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கிய பெல்லட்டைக் கண்ணால் பார்த்து ஒதுக்குங்கள். டப்பாவைக் குலுக்காதீர்கள். ஈயம் ஈயம்தான், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள்.

மாற்றுப் பிஸ்டல் கிடைத்தால் அதையும் இதே மாதிரி செட் செய்து, மேசையில் காட்டி வையுங்கள். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதானது. சரிசெய்து திரும்ப நெடுநேரம் ஆனது. 575 எடுத்து, இரண்டு புள்ளியில் ஃபைனலைத் தவறவிட்டார். 2024 பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம். கிளப் அளவில் இரண்டாவது பிஸ்டல் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, தெரியும். ஓரிங் செட், சிலிண்டர் ஒன்று கூடுதலாக, ஆலன் கீ கொத்து, பேட்டரி ஆகியவை பெட்டியில் இருந்தாலே பாதிப் பழுது தீரும்.

25 மீட்டருக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: .22 எல்ஆர் தோட்டா, எடை 1400 கிராமுக்குள், ட்ரிக்கர் குறைந்தது 1000 கிராம், பெட்டி 300 × 150 × 50, பீப்பாய் 153 மி.மீ.க்குள், சைட் ரேடியஸ் (இரண்டு சைட்டுக்கும் நடுத் தூரம்) 220-க்குள். குண்டு ஈயமாகவோ அது போன்ற மென்மையான பொருளாகவோ இருக்க வேண்டும், செம்பு உறை போட்டது கூடாது. இதற்கு லைசென்ஸ் கட்டாயம். ஏர் பிஸ்டலுக்குச் செய்த அதே எடைக்கட்டிபோல 1000 கிராமுக்கு இன்னொன்று செய்துகொள்ளுங்கள். ராடு 10 செ.மீ.க்குச் சற்றே குறைவாக.

மேசைக்குப் போகும்போது பீப்பாய் முழுக்க நுழைந்து இரண்டு முனையிலும் தெரியும்படி ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு இருக்கட்டும். பெட்டியை ஆட்களைப் பார்த்துத் திறக்காதீர்கள். அதிகாரி எடையைத் தூக்கும்போது பக்கத்தில் நின்று கொக்கி எங்கே மாட்டுகிறது என்று பாருங்கள்; நுனியில் மாட்டினால் "சார், நடுவுல மாட்டிப் பாருங்க" என்று மரியாதையாகச் சொல்லலாம். சோதனையில் தேறியதற்கான ஸ்டிக்கர் ஒட்டியானதும் ட்ரிக்கர் திருகைத் தொடவே கூடாது. சுட்டு முடித்த பிறகும் குலுக்கலில் சிலரை அழைத்து அதே 500 கிராமை மாட்டுவார்கள், அங்கே தூக்கவில்லையென்றால் திருத்த வாய்ப்புக் கிடையாது, டிஸ்க்வாலிஃபை.